சுருக்கக் கோப்புகளும் மூலபாடமும்: தங்கவயல் தமிழ் அச்சேடுகளை முன்வைத்து

முன்னுரை

கோலார் தங்கவயலின் தமிழ் அச்சேடுகளை மின்வடிவில் காக்க முனைவோர் கோப்புச் சுருக்கத்தை வெறும் இடச்சிக்கனமாகக் கருதுதல் இயல்பு. அது மூலபாடத்தையும் பாதிக்கவல்லது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தங்கவயலின் அச்சு மரபு

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அது அடுத்த ஆண்டே 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. 1914இல் அவர் மறைந்தபின், 1920களின் பிற்பகுதியில் ஜி. அப்பாதுரையார் அவ்விதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர் ஆண்டர்சன்பேட்டை உள்ளிட்ட குடியிருப்புகளிலிருந்து பலர் வேலை தேடி வெளியூர் செல்லலாயினர். வீடுகளிலுள்ள ஏடுகள் சிதறுமுன் படியெடுத்தல் இன்றியமையாதது.

இழப்பற்ற சுருக்கம்

1977இல் லெம்பெல், சிவ் ஆகிய இருவரும் வெளியிட்ட முறையில், முன்னர் வந்த தொடர் மீண்டும் வரின், அது வந்த இடமும் நீளமும் மட்டுமே குறிக்கப்படும். 'ஆண்டர்சன்பேட்டை' என்னும் ஒன்பதெழுத்துச் சொல் யூனிகோடில் 15 குறியீடுகளாகவும், யூடிஎஃப்-8 முறையில் 45 பைட்டுகளாகவும் அமைகிறது. அடுத்த முறை அச்சொல் வருங்கால் ஒரு சிறு குறிப்பே போதும். 1989இல் பில் காட்ஸ் உருவாக்கிய ஜிப் வடிவம் பின்னர் இம்முறையோடு, 1952இல் ஹஃப்மன் கண்ட குறியீட்டு முறையையும் இணைத்துக்கொண்டது. விரித்தால் ஓரெழுத்தும் மாறாது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிய சரிபார்ப்பெண் சிதைவைக் காட்டிக்கொடுக்கும்.

இழப்புள்ள சுருக்கம்

ஏஃபோர் அளவுப் பக்கமொன்றை அங்குலத்திற்கு 300 பிக்சல் வீதம் சாம்பல் நிறத்தில் வருடினால் ஏறத்தாழ 87 இலட்சம் பைட்டுகள் தேவைப்படும். இதனைக் குறைக்க ஜேபெக் வடிவம் நுண்விவரங்களைக் கைவிடுகிறது. ஜேபிக்2 வடிவத்தின் ஒரு வகையோ, ஒத்த தோற்றமுடைய எழுத்துகளுக்கு ஒரே உருவைப் பயன்படுத்துகிறது. 2013இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் கருவிகளின் படிகளில் 6 என்னும் எண் 8 என மாறியிருந்ததை வெளிப்படுத்தினார். படி தெளிவாகவே இருந்தமையால் பிழை எவர் கண்ணுக்கும் படவில்லை.

தமிழில் இவ்விடர் மிகுதி. புள்ளியே மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்துகிறது. பழைய அச்சில் அது மையின் சிறு துளியே. புள்ளியிடப்படாத ஓலைகளில் எகர ஏகார வேறுபாட்டை உய்த்துணர நேர்ந்த பதிப்பாசிரியர்களின் இடர்ப்பாட்டை நாம் அறிவோம். ஏடெழுதுவோர் பிழை பாடவேறுபாடுகளைத் தோற்றுவித்ததுபோல, இழப்புள்ள சுருக்கமும் புதிய பாடவேறுபாடுகளைத் தோற்றுவிக்கும். மூல ஏடு அழிந்தபின் அவற்றை ஒப்பிட்டுத் திருத்த வழியில்லை.

நடைமுறை

மூலப்படியை இழப்பற்ற டிஃப் வடிவில் வைத்தல் வேண்டும். வாசிப்புக்குரிய சிறுபடியை அதிலிருந்து ஆக்கலாம். ஜேபெக் படத்தை ஜிப்பில் இட்டால் அளவு பெரிதும் குறையாது; இழந்ததும் மீளாது. ஜிப் வடிவில் யூடிஎஃப்-8 கோப்புப் பெயர்களுக்குரிய அடையாளம் 2006இல்தான் வரையறுக்கப்பட்டது. எனவே பழைய மென்பொருள்களில் தமிழ்ப் பெயர்கள் சிதையக்கூடும். இதழ், நாள், பக்கம் ஆகியவற்றைக் கூறும் விளக்கக் கோப்பொன்றை உடன் வைத்தல் நலம்.

முடிவுரை

பதிப்பாசிரியர் தம் முன்னுரையில் ஏட்டின் வரலாற்றைக் கூறுவது தமிழ்ப் பதிப்பு மரபு. மின்படியின் சுருக்க முறையும் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் வேண்டும்.