ஏசி காற்று திடீரென முன்கண்ணாடிப் பக்கம் போகிறதா? கேஸ் நிரப்பும் முன் இதைப் பாருங்க

திருப்பூணித்துறை வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85, நேரியமங்கலம் தாண்டியதும் மூணாறை நோக்கி மலையேறும். அங்கே உங்கள் பழைய டர்போ பெட்ரோல் காரின் ஆக்சிலரேட்டரை மிதித்ததும், முகத்துக்கு வந்த ஏசி காற்று முன்கண்ணாடிக்குத் திரும்புகிறதா? காலை எடுத்ததும் பழையபடி வருகிறதா? காற்று குளிர்ச்சியாகவே இருந்தால் கேஸைச் சந்தேகிக்க வேண்டாம். வேக்குவம் கசிகிறது.

ஏன் இப்படி?

பல பழைய கார்களில் காற்றைத் திருப்பும் மடல்களை இயக்குவது வேக்குவம்தான். பெட்ரோல் இன்ஜினில் அது இன்டேக் மேனிஃபோல்டில் இருந்து கிடைக்கும். டர்போ வேலை செய்யும்போது அங்கே வேக்குவம் போய் அழுத்தம் வந்துவிடும். அந்த நேரத்தில் சேமிப்பு டப்பாவும் ஒருவழி வால்வும்தான் கைகொடுக்கும். வால்வோ ஹோஸோ கசிந்தால் மடல் நகர்ந்துவிடும்.

டீசல் கார்களில் தனி வேக்குவம் பம்ப் இருக்கும். அதனால் அவற்றில் கோளாறு ஆக்சிலரேட்டரைப் பொறுத்து மாறாது. கேபிள் அல்லது மோட்டாரில் மடல் இயங்கும் கார்களுக்கு இது பொருந்தாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. ஹோஸ்களின் முனைகளைப் பாருங்க. இன்ஜின் சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும்.

2. ஒருவழி வால்வைக் கழற்றி ஊதுங்க. ஒரு பக்கம் மட்டுமே காற்று போகணும். இரண்டு பக்கமும் போனால் மாற்றுங்க.

3. சேமிப்பு டப்பாவையும் மடல்களை இயக்கும் டயஃப்ரம்களையும் கை வேக்குவம் பம்பில் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்க. முள் இறங்கினால் கசிவு அங்கேதான்.

சூடான இன்ஜினில் பெட்ரோலோ கிளீனர் ஸ்பிரேயோ அடித்துக் கசிவைத் தேடாதீங்க, தீப்பிடிக்கலாம்.

தள்ளிப்போட்டால் என்ன?

இந்தக் கார்களில் பிரேக் பூஸ்டருக்கும் பெரும்பாலும் அதே வேக்குவம்தான். இன்ஜினை அணைத்து, பிரேக்கைப் பலமுறை மிதிங்க. பெடல் இறுகியதும் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்க. பெடல் சற்றுக் கீழே இறங்கணும். இறங்காவிட்டால் காரை எடுக்காதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்க. ஏசி இல்லாமல் ஊர் போய்ச் சேரலாம், பிரேக் இல்லாமல் முடியாது.