குடல் செல்களின் புரத அடையாளங்கள்

சிறுகுடலின் உட்பரப்பை மூடியிருப்பது ஒரே ஒரு செல் அடுக்கு. உணவை உறிஞ்சும் செல்கள், சளி சுரக்கும் கோப்பை செல்கள், ஹார்மோன் சுரக்கும் நாளமில்லாச் செல்கள், குழிகளின் அடியில் தங்கும் பனேத் செல்கள் எனப் பல வகையும் அதில் கலந்தே இருக்கின்றன. ஒவ்வொரு வகையும் தன் வேலைக்கெனத் தயாரிக்கும் புரதமே அதன் அடையாளம். கோப்பை செல்லுக்கு மியூசின்-2, நாளமில்லாச் செல்லுக்குக் குரோமோகிரானின்-ஏ, உறிஞ்சும் செல்லின் மேல்விளிம்புக்கு வில்லின், பனேத் செல்லுக்கு லைசோசைம்.

தொடக்கத்தில் சாயத்தையும் வடிவத்தையும் மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. 1872இல் குஸ்டாவ் ஷ்வால்பே கண்ட செல்லை 1888இல் யோசெப் பனேத் விரிவாக விவரித்தார். அதன் குருணைகள் சாயத்தில் பளிச்சென்று தெரிந்தன. அவற்றின் பயன் நெடுங்காலம் விளங்கவில்லை. பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைமை 1922இல் அலெக்சாண்டர் பிளெமிங் அறிவித்தார். 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயத்தை இணைக்க, திசுவில் ஒரு புரதம் இருக்கும் இடத்தை நேரே பார்க்க வழி பிறந்தது. மனிதப் பனேத் செல்லில் லைசோசைம் இருப்பதை 1974இல் எர்லாண்ட்சன் குழு இவ்வகை முறையில் காட்டியது. அச்செல்லின் காவல் வேலை இதனால் மேலும் தெளிவானது.

தமிழகத்தில் குடல் செல் ஆய்வுக்கு ஊற்றாக இருந்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. தீராத வயிற்றுப்போக்கில் உடல் உருகிப்போகும் வெப்பமண்டல ஸ்புரூ நோய், 1960களின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கிராமங்களில் கொள்ளைநோயாகப் பரவியது. செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் கிராமம் கிராமமாக அதை ஆராய்ந்தனர். நோயாளி விழுங்கும் சிறு குப்பியால் குடல்திசுவைத் துளியளவு வெட்டியெடுக்கும் முறை 1957இல்தான் வந்திருந்தது. அப்படிக் கிடைத்த துணுக்குகளே அந்நோயில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகிச் சிதைவதைக் காட்டின. அங்கே பணியாற்றிய மின்னி மாத்தன், எதிர்ப்பொருளையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியையும் சேர்த்து, மனிதப் பனேத் செல் உருவாகும் விதம் பற்றிய ஆய்வை ஹியூஸ், வைட்ஹெட் ஆகியோருடன் 1987இல் வெளியிட்டார். ஏழை நோயாளிகளின் துயரிலிருந்து எழுந்த கேள்விகள் செல்லின் உள்ளறை வரை சென்ற அந்த உழைப்பு இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

2007இல் ஹான்ஸ் கிளீவர்ஸ் குழு, குழியின் அடியிலுள்ள தண்டு செல்களுக்கு எல்ஜிஆர்-5 என்ற அடையாளத்தைக் கண்டறிந்தது. சில நாள்களுக்கு ஒருமுறை உட்படலம் முழுதும் புதுப்பிக்கப்படுவது இச்செல்களால்தான்.

ஆனால் ஒற்றைப் புரதத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. லைசோசைம் மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களிலும் உண்டு; நாள்பட்ட அழற்சியில் பனேத் செல்களே வழக்கமாக இல்லாத பெருங்குடல் பகுதியிலும் தோன்றும். செல் இருக்கும் இடத்தையும் உருவத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையைப் போல, குடல் அறுவைக்குத் தனித்துறை உள்ள மருத்துவமனைகளுக்கு இந்த அறிவு அன்றாடத் தேவை. வெட்டியெடுத்த கட்டி நாளமில்லாச் செல்வகையைச் சேர்ந்ததா என்பதைக் குரோமோகிரானின்-ஏயும் சினாப்டோஃபைசினும் சொல்லும். அதன் வளர்வேகத்தைக் கேஐ-67 என்ற புரதம் காட்டும்: நன்கு முதிர்ந்த கட்டிகளில் 3 விழுக்காட்டுக்குக் கீழ் முதல் தரம், 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம்.