லாக்அவுட் கொடுத்தால் யார் மறக்கிறார்கள்?

பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று கேட்காதீங்க. டோக்கன், பதிவேடு, கணக்கு முடிப்பு... எல்லாம் நம்ம பாடம்தான்.

டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல் செர்ன் ஆய்வகத்தில் வலைக்கான திட்டத்தை எழுதியபோது, ஆய்வுக் குறிப்புகளைப் பகிர்வதுதான் நோக்கம். பக்கம் கேட்டால் சர்வர் கொடுக்கும், உடனே உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்டால் மறுபடியும் புது ஆள்தான். படிக்க அது போதும். கடை நடத்த எப்படிப் போதும்?

1994-ல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி இதற்கு வழி கண்டுபிடித்தார். பாதியில் நிற்கும் கொள்முதல் விவரத்தைத் தன் சர்வரில் வைத்திருக்க எம்.சி.ஐ. நிறுவனம் விரும்பவில்லை. அதனால் சிறு குறிப்பு ஒன்றை பிரவுசரிலேயே வைத்தார். அதுதான் குக்கீ. யுனிக்ஸ்காரர்கள் சொல்லிவந்த 'மேஜிக் குக்கீ'யிலிருந்து வந்த பெயர்.

பின்னாளில் பல தளங்கள் குக்கீயில் ஓர் எண்ணை மட்டும் வைத்தன. விவரமெல்லாம் சர்வரில். கோவில் வாசலில் செருப்பு டோக்கன் மாதிரி: எண் உங்களிடம், செருப்பு அவரிடம். இதற்குப் பெயர் செஷன்.

தகராறே இங்கேதான். லாக்அவுட் அழுத்தியதும் சில தளங்கள் பிரவுசரில் இருக்கும் குக்கீயை மட்டும் அழிக்கும். டோக்கனைக் கிழித்துப் போட்ட மாதிரி! அந்த எண்ணை வேறு யாராவது குறித்து வைத்திருந்தால்? சர்வர் தன் பதிவையும் அடித்தால்தான் அது உண்மையான லாக்அவுட். (லாக்அவுட்டுக்குப் பிறகு 'பேக்' அழுத்தினால் பழைய பக்கம் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது பிரவுசர் சேமித்து வைத்த நகல். ரீஃப்ரெஷ் செய்தால் உண்மை தெரிந்துவிடும்.)

2010 அக்டோபரில் எரிக் பட்லர் 'ஃபயர்ஷீப்' என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை வெளியிட்டார். அப்போது பல தளங்கள் பாஸ்வேர்டை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, குக்கீயைத் திறந்தபடியே அனுப்பின. பொது வைஃபையில் உட்கார்ந்து ஒரு க்ளிக் செய்தால் அடுத்தவர் ஃபேஸ்புக்கில் நுழைந்துவிடலாம். பாஸ்வேர்டே வேண்டாம். 2013-ல்தான் ஃபேஸ்புக் எல்லோருக்கும் எச்.டி.டி.பி.எஸ். கொடுத்து முடித்தது.

அதே ஃபேஸ்புக்கில் 2018 செப்டம்பரில் வேறொரு ஓட்டை தெரியவந்தது. 'வியூ ஆஸ்' வசதி வழியாக டோக்கன்கள் கசிந்தன. 5 கோடி கணக்குகளுக்கு ஆபத்து என்று பயந்து, முன்னெச்சரிக்கையாக இன்னும் 4 கோடியையும் சேர்த்து, 9 கோடி டோக்கன்களை நிறுவனமே ரத்து செய்தது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னது. களவு போனது டோக்கன்தானே! பிறகு எண்ணிப் பார்த்ததில் அப்படிப் பறிபோனவை சுமார் 3 கோடி கணக்குகளின் டோக்கன்கள்.