இருபத்திரண்டு மைல் வெளிநாடு



"மலருக்கு ஒரு கட்டுரை கொடுப்பா, உன் பேட்ச்சில் இருந்து ஒருத்தரும் எழுதலை" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். சிவில் படித்தவனுக்கு எஸ்டிமேட் எழுதத்தான் தெரியும். பிறகு யோசித்தபோது, 2015 ஏப்ரலில் இறுதியாண்டு மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளிக்கிழமை போய் திங்கட்கிழமை காலை திரும்பி வந்த அந்த இலங்கைப் பயணம் ஞாபகம் வந்தது. அது வெறும் டூர் என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம். உண்மையில் அது ஒரு சரித்திரப் பாடம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஐடியா கொடுத்தது மெக்கானிக்கல் பிரிவு நண்பன். அவன் தாத்தா கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதியவர். "எங்க தாத்தா ஒரே டிக்கெட்ல மெட்ராஸ்ல இருந்து கொழும்புக்குப் போயிருக்கார்டா, ரயில்லயே!" என்று மெஸ்ஸில் உட்கார்ந்து அடித்துச் சொன்னான். நாங்கள் நம்பவில்லை. நடுவில் கடல் இருக்கிறதே! பந்தயம் கட்டி, நூலகத்தில் போய்ப் பார்த்தால் அவன் சொன்னது நிஜம்.

போட் மெயில் காலம்

1914-ஆம் வருடம் பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சில நாட்களில், மார்ச் 1-ஆம் தேதி, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓட ஆரம்பித்தது. தூரம் சுமார் 22 மைல். நம்ம ஊர் கணக்கில் 35 கிலோமீட்டர். அதற்கு முன் கொழும்பு போக வேண்டும் என்றால் ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் ஆட வேண்டும். புதிய வழியில் எழும்பூரில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னார் துறையில் இலங்கை ரயில், மூன்றாம் நாள் காலை கொழும்பு கோட்டை ஸ்டேஷன். எழும்பூர் - ராமேஸ்வரம் ரயிலைப் பெரியவர்கள் 'போட் மெயில்' என்று சொல்வது இதனால்தான்.

கடைக்காரர், கணக்கப்பிள்ளை, மாணவர், கச்சேரி வித்வான், நாடகக்காரர் என்று எல்லோரும் போய் வந்த வழி அது. ஆனால் அதே வழியில் இன்னொரு கூட்டமும் போனது. தேயிலைத் தோட்டத்துக் கூலிகள். அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் பார்த்து, தடுப்புக்காவலில் வைத்திருந்து பிறகே கப்பல் ஏற்றினார்கள். அவர்களுக்கும் முந்திய தலைமுறை, காப்பித் தோட்டக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனது. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

கடலை அகலமாக்கிய காகிதம்

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949-இல் ஓட்டும் போனது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் டெல்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் கணக்கு பிறகு பார்க்கலாம் என்று! அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களை இப்படி வகுத்துக் கழித்த ஒப்பந்தம் வேறு எத்தனை இருக்கும்?

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் முடியவில்லை. டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரயில், உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. பாம்பன் பாலத்தின் கர்டர்களை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பாலத்தை 46 நாளில் திரும்ப நிறுத்திக் காட்டியவர் இ. ஸ்ரீதரன். அப்போது அவருக்கு வயது 32. எனக்கும் இப்போது அதே வயதுதான். ஒரு கல்வெர்ட்டுக்கு பில் பாஸ் பண்ண நான் ஆறு மாதமாக நடக்கிறேன் என்பது வேறு கதை!

தனுஷ்கோடி திரும்ப எழவில்லை. கப்பல் ராமேஸ்வரத்தில் இருந்து ஓடியது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் அதில்தான் வந்து இறங்கினார்கள்.

ரயிலில் நான் சொன்ன விஷயம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாலு வருடம் ஹாஸ்டலில் யாருக்கும் சொல்லாத விஷயம். என் அம்மா 1977-இல், பதினோரு வயதில், 'ராமானுஜம்' கப்பலில் வந்து இறங்கியவர். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஊரில் எங்களை 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் ஹாஸ்டல் வரைக்கும் வந்துவிடக்கூடாது என்று நான் வாயைத் திறக்கவே இல்லை. மெக்கானிக்கல் நண்பன் தன் தாத்தா கதையைச் சொல்லும்போதெல்லாம் நானும் புதிதாகக் கேட்பவன் மாதிரிச் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

பயணத்துக்குப் பணம் கேட்டபோது அம்மா மறுபேச்சு பேசவில்லை. பெட்டியில் இருந்து ஒரு பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். கண்டியில் தாத்தாவுக்குக் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட். அதில் பிள்ளைகள் பெயர் வரிசையில் அம்மாவின் பெயர். "தலைமன்னார் போனா அந்தத் துறையில ஒரு நிமிசம் நின்னுட்டு வா. கோச்சி இப்ப அங்க போகுதான்னு பாரு" என்றார். ரயிலுக்கு அவர்கள் ஊரில் கோச்சி என்று பெயர்.

மதுரையில் விமானம் ஏறினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், கொழும்பு வந்துவிட்டது. ராமநாதபுரம் பஸ்ஸில் போவதே இதைவிட அதிக நேரம் என்று ஒருவன் ஜோக் அடித்தான். இரவு கோட்டை ஸ்டேஷனில் தலைமன்னார் ரயில். போரில் அழிந்து கால் நூற்றாண்டு சும்மா கிடந்த பாதையை இந்திய நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டு, 2015 மார்ச் 14-ஆம் தேதிதான் தலைமன்னாருக்கு ரயில் விட்டிருந்தார்கள். பதினைந்து இருபது நாள் ஆன புதுப் பாதை. பாதி ராத்திரிக்கு மேல் யாரும் தூங்கவில்லை. நண்பன் வழக்கம்போலத் தாத்தா கதையை ஆரம்பித்தான். எனக்கு என்ன தோன்றியதோ, "எங்க தாத்தாவும் இதே வழிதான்டா. ஆனா ஒரே ஒரு தடவை" என்று சொல்லிவிட்டேன்.

ஹட்டன் ஸ்டேஷனில் ஊரே அழுது வழியனுப்பியது, கப்பலில் பாட்டி கடைசி வரைக்கும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தது, மண்டபம் முகாமில் பெயர் பதிந்தது, 'தாய்நாட்டில்' அடுத்த வேளைச் சோற்றுக்கு அலைந்தது... எல்லாவற்றையும் சொன்னேன். ஒருத்தரும் கிண்டல் பண்ணவில்லை. நண்பன் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்டா நாலு வருசமா சொல்லலை?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

விடிந்ததும் துறைக்குப் போனோம். பழைய கலங்கரை விளக்கம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு துருப்பிடித்துச் சிதைந்த பழைய இரும்புத் துறை. மற்ற எட்டுப் பேரும் போட்டோ எடுக்கவில்லை. என்னை மட்டும் நிற்க விட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். எதிரே இந்தியா தெரியுமா என்று பார்த்தேன். தெரியவில்லை. தண்ணீர்தான்.

லோக்கல் சிம்மில் இருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். துறை இடிந்து கிடக்கிறது என்றேன். சத்தம் இல்லை. பிறகு, "கோச்சி வருதா?" என்று கேட்டார். "அதுலதான்மா வந்தேன்" என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

தம்பி தங்கைகளுக்கு

அந்தக் கடல் 1914-இலும் 22 மைல்தான், இன்றும் 22 மைல்தான். பொறியாளன் கணக்கில் தூரம் மாறவே இல்லை. ஒரு டிக்கெட்டில் தாண்டிய தூரத்தை முதலில் சட்டம் அகலமாக்கியது, பிறகு புயல், பிறகு போர். 1980-களில் கப்பலும் நின்றது. கூலிகளைத் தடுத்து வைத்த அதே மண்டபம், தாயகம் திரும்பியவர்களைப் பார்த்து, 1983-க்குப் பிறகு அகதிகளையும் பார்த்தது. அதன் பின் 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். அது சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடியது. பாம்பனிலும் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது.

நீங்களும் வெள்ளிக்கிழமை கிளம்பித் திங்கட்கிழமை திரும்பலாம். கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் கிளம்பும் முன் வீட்டில் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் செட்டிலேயே யாராவது வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் ஒன்பது பேரும் இந்த ரீயூனியனுக்கு வருகிறோம். அம்மாவும் வருகிறார். மெக்கானிக்கல் நண்பன் கொழும்புக் கதை சொல்வான். இந்தத் தடவை அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது!