எண்ணிக்கையும் சான்றும்: தாம்பரம் வட்டார ஆய்வுகள் குறித்து

பல்லாவரம் முதல் காட்டாங்குளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியும், கிழக்கே செம்மஞ்சேரி, படூர் பக்கமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நெருங்கி நிற்கின்றன. கரிம வேதியியல், மரபணுவியல், ஓட்டல் சந்தைப்படுத்தல் என ஒன்றோடொன்று ஒட்டாத துறைகளில் சென்னையை அடுத்த இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் ஆய்வு நடக்கிறது. ஆய்வாளர்கள் சந்தித்துக்கொண்டால் கேட்பது மட்டும் ஒரே கேள்விதான்: "பேப்பர் போட்டாச்சா? ஸ்கோபஸா?" (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்.) எல்லாத் துறைக்கும் பொதுவான இந்தக் கேள்வி ஆய்வைத் தப்பாக அளக்கிறது என்பது பழைய குறை. இக்கட்டுரை அதற்கும் மேலே ஒன்றைச் சொல்ல முனைகிறது: தவறு என்று யாரும் நிரூபிக்க முடியாத கட்டுரையை ஒவ்வொரு துறையிலும் தேடிப்பிடித்து வளர்ப்பது இந்தக் கேள்விதான்.

விதிகளின் வரலாறு சுருக்கமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றன. 2010இல் ஆசிரியர் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கு வந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாப் பொருளிலும் வெளியிடும் 'பன்னாட்டு' இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. பின்னர் வந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதி 2022 நவம்பரிலேயே போய்விட்டது. ஆனால் தேசியத் தரவரிசையில் ஆய்வுக்கு 30 விழுக்காடு எடை இருக்கும்வரை, டெல்லி விட்டதை நிறுவனங்கள் விட்டுவிடும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

வேதியியலில் இதே சென்னைக்கு ஒரு மரபு உண்டு. டி. ஆர். கோவிந்தாச்சாரி மாநிலக் கல்லூரியில் இருந்தபோது நஞ்சறுப்பான் செடியின் டைலோஃபோரின் என்ற ஆல்கலாய்டின் கட்டமைப்பை ஆராய்ந்தார். 1963இல் பம்பாயின் சிபா ஆய்வு மையத்துக்குப் போய், ஓய்வுக்குப் பின் சென்னையில் ஸ்பிக் ஆய்வகத்தில் வேப்பங்கொட்டையைக் கையில் எடுத்தார். அசாடிராக்டின் ஹெச், ஐ என்ற இரு சேர்மங்களைப் பற்றிய கட்டுரை 1992இல் வந்தபோது அவர் எழுபதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மூலச் சேர்மமான அசாடிராக்டின் 1968இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் கட்டமைப்பு தீர்மானமாக 1980களின் நடுப்பகுதி ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு அதை முழுமையாகத் தொகுத்தது 2007இல், 22 ஆண்டு உழைப்புக்குப் பிறகு. இடைப்பட்ட எந்த ஆண்டிலும் அந்தப் பணி தோற்றுப்போயிருக்கலாம். முன்மொழிந்த கட்டமைப்புகள் சில தவறென்று தள்ளவும் பட்டன.

இன்று மலிவாகக் கிடைப்பது வேறு வகை. இலைப்பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றைக் கட்டண ஆய்வகத்துக்கு ஜிசி-எம்எஸ் சோதனைக்கு அனுப்பினால், மென்பொருள் தன் நூலகத்தோடு ஒப்பிட்டு ஒரு பெயர்ப் பட்டியலைத் தரும். அதுவே அட்டவணை, அதுவே முடிவு. பட்டியலில் அவ்வப்போது தாலேட் சேர்மங்கள் தலைகாட்டும். பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் பொருள் அது. பெரும்பாலும் கரைப்பானிலிருந்தோ டப்பாவிலிருந்தோ சாற்றில் கலந்தது. மூலிகையின் மருத்துவக் கூறாக அது அச்சேறிய கட்டுரைகள் உலகெங்கும் உண்டு. சேர்மத்தைப் பிரித்தெடுத்து, கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையைப் பார்த்திருந்தால் விஷயம் வெளிப்பட்டிருக்கும். பார்க்காததால்தான் கட்டுரை இரண்டு மாதத்தில் முடிந்தது.

மொழிக் குறைபாட்டு மரபணுவியலில் அவசரத்தின் விலை இன்னும் கூடுதல். லண்டனின் கே.இ. குடும்பத்தில் மூன்று தலைமுறையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேச்சுக் குறைபாடு இருந்தது. அதை இலக்கணக் குறைபாடு என்று 1990இல் மிர்னா கோப்னிக் வாதிட்டார். 'இலக்கண மரபணு' என்று செய்தித்தாள்கள் குதித்தன. 1995இல் ஃபரானே வார்கா-காதெம் குழு, வாய், நாவசைவையே ஒழுங்குபடுத்த முடியாத பரந்த சிக்கல் அது என்று காட்டியது. 2001இல் ஏழாம் குரோமோசோமில் ஃபாக்ஸ்பி2 மரபணுவின் ஒற்றை எழுத்து மாற்றம் பிடிபட்டது. குடும்பத்துக்கு வெளியே, அதே இடத்தில் குரோமோசோம் உடைந்த இன்னொருவர் கிடைத்ததுதான் திருப்புமுனை.

இதைத் தமிழில் செய்வதென்றால் முதல் இடர் மரபணுவில் இல்லை, சோதனைத் தாளில் இருக்கிறது. ஆங்கிலச் சோதனைகள் பெரிதும் இறந்தகால விகுதியைத் துருவுகின்றன. தமிழ்க் குழந்தை தடுமாறக்கூடிய இடம் திணை, பால், எண், இட விகுதி. அதிலும் பேச்சு வழக்கில் 'வந்தான்' என்பதன் னகரம் தனித்து நிற்காமல், முன்னுள்ள உயிரை மூக்கொலியாக்கிவிட்டு மறைகிறது. 'வந்தாள்' என்பதன் ளகரமோ தடயமின்றிப் போய்விடுகிறது. ஆக, இரண்டையும் பிரிப்பது மூக்கொலி ஒன்றே. ஐந்து வயதுக் குழந்தை இரண்டுக்கும் 'வந்தா' என்றால் அது இலக்கணக் குறையா, மெல்லிய காது மந்தமா? எழுத்துத் தமிழில் தயாரித்த வினாத்தாள் இதைச் சொல்லாது. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை. ஒடுங்கு மரபணு வழிக் காது கேளாமைக்கு இது வாய்ப்பைக் கூட்டுகிறது. எனவே காதைச் சோதிக்காமல் மொழியைப் பற்றி எழுதுவது, அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுவது. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்குகிறது. பல்கலைக்கழக ஆய்வகமும் அங்கு வரும் குடும்பங்களும் ஐந்தாண்டு சேர்ந்து நடந்தால் ஒழிய இந்தக் கேள்விக்கு விடை இல்லை. ஐந்தாண்டில் ஒரு கட்டுரை வரலாம். விகுதிக்கும் மரபணுவுக்கும் தொடர்பில்லை என்றே அது முடியலாம்.

ஓட்டல் சந்தைப்படுத்தலை இளக்காரமாகப் பேசுவது அறிவியல் துறையினரின் வழக்கம். அது நியாயமில்லை. துறைமீது குற்றமில்லை, கருவி மீதுதான். அறையைக் காலி செய்துவிட்டு, வாசலில் ஆட்டோ காத்திருக்கும்போது விருந்தினர் கையில் ஒரு படிவம் வருகிறது. 'முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். அவர் ஏதோ ஒரு கட்டத்தில் நேர்கோடாக டிக் அடித்துத் தள்ளிவிட்டு நகர்வார். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு அந்த ஆட்டோ தெரியாது. 'சேவைத் தரம் வாடிக்கையாளர் நிறைவைப் பாதிக்கிறது' என்ற முடிவு தப்பாமல் வந்துசேரும். வராமல் போயிருந்தால்தான் படிக்கத் தகுந்தது.

இத்தனைக்கும் வாசலிலேயே அரிய சோதனை நடந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. அடுத்த சில வாரங்களில் தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு அங்கே பெயர்ந்தன. விளம்பரத்தில் ஒரு எழுத்தும் மாறாத லாட்ஜுகளுக்கும் வாடிக்கையாளர் ஒரே மாதத்தில் மாறியிருக்க வேண்டும். கோயம்பேட்டின் அறை நிரப்பு விகிதத்தையும் கிளாம்பாக்கத்தை ஒட்டிய ஊரப்பாக்கம், வண்டலூர் விகிதத்தையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டால், விளம்பரம் எவ்வளவு, இடம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். அதேபோல் 2022 ஜூலை 18 முதல் ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கும் 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி வந்தது; விலை ஏறினால் யார் விலகுகிறார்கள் என்று பார்க்க அது நல்ல வாய்ப்பு. இதற்கு வேண்டியது லாட்ஜின் அறைப் பதிவேடு. உரிமையாளர் வரிக்குப் பயந்து எளிதில் தரமாட்டார். நம்பிக்கை பெற ஓராண்டாவது ஆகும். படிவமோ ஒரு வாரத்தில் நிரம்பிவிடும்.

எண்ணிக்கையை எடுத்துவிட்டால் பழைய கைடு ஆதிக்கம் திரும்பும் என்ற எதிர்வாதம் வலுவானது. வீட்டில் முதல்முறையாகப் பட்டம் வாங்கும் ஆய்வாளருக்கு, வழிகாட்டியின் தயவை நம்பாமல் காட்டக்கூடிய சான்று அச்சான கட்டுரைதான். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டணம் கட்டினால் அச்சாகும் என்ற நிலையில், அந்தச் சான்று அவரைக் காப்பாற்றுவதைவிடக் கடனாளியாக்குகிறது. தயவையும் பணத்தையும் ஒருசேரத் தவிர்க்க ஒரு வழி, வெளிப்படையான வைவாவில் மூலத்தரவைக் கேட்பது. வேதியியலாளர் என்எம்ஆர் நிறமாலையோடும் பதிவெண் இட்ட செடி மாதிரியோடும் வரட்டும். மரபணுவியலாளர் செவிச்சோதனைப் பதிவை அடையாளம் நீக்கிக் காட்டட்டும். ஓட்டல் ஆய்வாளர் நிரம்பிய படிவங்களையே மேசையில் வைக்கட்டும். ஆய்வேடுகள் ஏற்கெனவே சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. பிற்சேர்க்கையாகத் தரவையும் ஏற்றச் சொல்ல ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவே தீர்மானம் போடலாம், டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.