துவக்கும் வெடியுப்பும்

1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிக் கொண்டுசென்ற இரு பெருந்துவக்குகள் 2023 டிசம்பரில் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு மீண்டன. அவற்றின் அலங்காரம் அரசகலையின் சிறப்பெனப் போற்றப்படுகிறது. நாம் எழுப்பும் வினா வேறு: ஒவ்வொரு வேட்டுக்கும் குழல்வாய் வழியே இடித்து நிரப்பப்பட்ட மருந்தை ஆக்கியோர் யாவர்?

பல்லேகலவுக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைகளிலுள்ள மீமுறேக் குகையில் வெடியுப்பு எடுக்கப்பட்டதை ஆங்கிலேய இராணுவ மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார். வௌவால் எச்சம் ஊறிய பாறையைப் பெயர்த்து, மரச்சாம்பல் கலந்து, நீரில் வடித்து, காய்ச்சி உப்பாக்கினர் உழைப்பாளர். அதனுடன் கந்தகமும் கரியும் சேர்ந்தே வெடிமருந்தாயிற்று. சேகரிப்போர் பேணியது துவக்கை. சுடுந்தோறும் புகையாய் மறைந்தது அவ்வுழைப்பு. ஆகவே, மீண்டுவந்த துவக்குகளின் அருகே அக்குகையின் வரலாறும் இடம்பெறும்போதே மீட்பு முழுமையுறும் என்பது எமது கருத்தாகும்.