அவாரியன்: பரங்கிமலைச் சிலுவை சொல்லும் வரலாறு

கோவளத்தில், நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்காவும் கார்மேல் மாதா ஆலயமும் ஒரே கடற்காற்றில் நிற்கின்றன. நம் மதரஸாப் பிள்ளைகள் இரண்டையும் கடந்தே வருகிறார்கள். ஆகவே அவர்கள் கேட்பதில் வியப்பில்லை: “ஹஜ்ரத், இந்த வணக்கத்தையெல்லாம் ஈஸா நபி (அலை) கற்றுக்கொடுத்தார்களா?” நம் மேடைப் பேச்சாளர்களில் சிலர் இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடுகிறார்கள்: எல்லாம் ரோமாபுரிச் சிலை வணக்கத்திலிருந்து வந்தவை என்று. அந்த விடை எளிது, ஆயினும் நீதியானதன்று. வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றி விவாதிக்க வேண்டாம் என அன்கபூத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமல் பேசுவது அழகிய முறையாகாது.

இதற்கான சான்றுகளைத் தேடி நாம் ரோமாபுரிக்குச் செல்ல வேண்டியதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததும், இன்றும் செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்ததுமான பரங்கிமலையே போதும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமாவின் அடக்கத்தலத்தைப் பற்றி எழுதும்போது ஒரு செய்தியைக் குறிக்கிறார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கு வந்தனராம்; அவரைத் தம்மவர் என்றே கருதி, ‘அவாரியன்’ என்று அழைத்தனராம். இச்சொல் அரபியின் ‘ஹவாரி’ என்பதன் திரிபாகலாம் என அறிஞர் யூல் கருதினார். ஈஸா நபியின் அணுக்கத் தோழர்களை அல்குர்ஆன் ‘ஹவாரிய்யூன்’ என்றே அழைக்கிறது. அவர்கள் தம்மை முஸ்லிம்கள் என்று சாட்சி கூறியதை ஆல இம்ரான் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அப்படியானால் நம் முன்னோர் அக்கல்லறையைப் பார்த்தது அந்நியர் ஒருவரின் கல்லறையாக அன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியர் பர்போசா, பாழடைந்து கிடந்த அந்த ஆலயத்தை ஏழை முஸ்லிம் ஒருவர் காத்து, பிச்சையெடுத்து இரவில் விளக்கேற்றி வந்தார் என்கிறார். அச்செயலின் மார்க்கச் சட்டத்தை ஃபிக்ஹ் பாடத்தில் பேசலாம். இங்கு அது வரலாற்றுச் செய்தி.

1547இல் பரங்கிமலையில் ஆலயம் எழுப்பத் தோண்டியபோது போர்த்துகீசியர் ஒரு கற்சிலுவையைக் கண்டெடுத்தனர். அதன் கைகளின் முனைகள் மொட்டுகளைப் போல விரிந்திருக்கின்றன. மேலே ஒரு புறா. சிலுவையில் மனித உருவம் இல்லை என்பதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். சுற்றிலும் பொறித்திருப்பது பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து. இது போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன், பாரசீகத்தோடு கடல்வழித் தொடர்பு கொண்டிருந்த கிழக்குத் திருச்சபையின் கை. அவர்களின் வழிபாட்டு மொழி சுர்யானி. ஈஸா நபியின் மக்கள் பேசிய அரமாயிக்கின் உடன்பிறப்பு. அம்மொழியில் இறைவனுக்குப் பெயர் ‘அலாஹா’. மர்யம் (அலை) அவர்களை ‘இறைவனின் தாய்’ என்று அழைக்கலாம் என 431இல் எபேசு சங்கம் தீர்மானித்தபோது, அதை ஏற்க மறுத்த மரபு இது. (நம் கொள்கைக்கு நெருங்கியவர்கள் என்று அவசரப்பட்டு மகிழ வேண்டாம், ஈஸா நபியை அவர்களும் இறைமகன் என்றே நம்பினர்.)

ஆக, கத்தோலிக்க வழிபாடு ஒரே நாளில் உருவான கட்டடமன்று. 325இல் நிகேயாவில் கூடிய சங்கம், மகன் தந்தையோடு ஒரே தன்மையுடையவர் என்று வகுத்தது. டிசம்பர் 25ஐப் பிறப்பு நாளாகக் காட்டும் மிகப் பழைய ரோமாபுரிக் குறிப்பு 336ஆம் ஆண்டைச் சார்ந்தது. திருவுருவங்களுக்குச் செலுத்தும் மரியாதையை 787இல் இரண்டாம் நிகேயா சங்கம் உறுதிசெய்தது. அதற்கு முன் படங்களை உடைத்தவர்களும் அதே சபையினரே. ஆனால் அப்பமும் இரசமும் பகிரும் சடங்கு பிற்காலத்தில் ரோமாபுரியில் புனைந்ததன்று. ஈஸா நபிக்குப் பின் முதல் தலைமுறையிலேயே, பவுல் எழுதிய கடிதத்தில் அது உள்ளது. அப்பம் உடலாகவே மாறுகிறது என்ற விளக்கத்தை வரையறுத்த சொல் 1215இல்தான் சங்கத்தின் தீர்மானத்தில் ஏறியது. சடங்கின் வயது வேறு, விளக்கத்தின் வயது வேறு. ஹவாரிய்யூன்கள் வானிலிருந்து உணவுத்தட்டை வேண்டியதையும், அது முன்னோருக்கும் பின்னோருக்கும் பெருநாளாகட்டும் என ஈஸா நபி துஆ செய்ததையும் ஓதும் நாம், அந்த உணவின் நினைவை முற்றிலும் கட்டுக்கதை என்று ஏளனம் செய்வது எப்படி?

மலையில் அப்பழைய சிலுவையைப் பலிபீடத்தில் பதித்த போர்த்துகீசியர், அதைச் சூழ்ந்து இலத்தீன் வழிபாட்டை அமைத்தனர். கேரளத்தில் அவர்கள் இதைக் கடுமையாகச் செய்தனர்: 1599இல் உதயம்பேரூர்ச் சங்கத்தில் சுர்யானி நூல்கள் பலவற்றைத் தவறானவை என்று தீர்மானித்து எரித்தனர். நூலை எரித்தவர்கள் வரலாற்றையும் சேர்த்தே எரிக்கிறார்கள். யாருடைய நூலாயினும் நமக்கு அது துயரமே.

இந்த அளவுகோலை நம் பக்கமும் வைத்தாக வேண்டும். முதலில் வந்தது எது, பின்னர் சேர்ந்தது எது என்று கிறிஸ்தவரிடம் கேட்கும் பிள்ளை, நாளை நம் கடற்கரைத் தர்காக்களின் கொடியேற்றத்தையும் சந்தனக்கூட்டையும் பற்றி அதையே கேட்பான். தோமா இக்கரைக்கு வந்தார் என்பதற்குக் கண்ணால் கண்டவர் எழுத்து இல்லை என்று சொல்லும் நாம், தமீமுல் அன்சாரி (ரலி) பற்றியும் அதே சான்றைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

அந்தக் கல்லின் எழுத்தை நெடுங்காலம் எவராலும் படிக்க இயலவில்லை. உள்ளூர்ப் பண்டிதர் ஒருவர் அதில் தோமாவின் கொலைக் கதையையே படித்துக் காட்டினாராம், போர்த்துகீசியரும் நம்பினர். 1873இல்தான் பர்னல் என்னும் ஆங்கிலேய அதிகாரி அது பஹ்லவி என்று வெளியிட்டார். சொற்களின் பொருளில் இன்றும் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். பின்வந்த ஒரு வாசிப்பின்படி, அதில் எந்தக் கதையும் இல்லை. கல்லை அமைத்த ஒருவர் தம்மீது இரக்கம் காட்டுமாறு கேட்கும் வேண்டுதலே உள்ளது.